தெற்குப் பார்த்த பால்கனியில் தக்காளி: ஒரு சின்னத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

சென்னை மடிப்பாக்கத்தில் என் அக்கா குடியிருக்கும் வாடகை வீட்டின் பால்கனி பத்தடி நீளம், மூன்றரை அடி அகலம். இரண்டாவது மாடி, தெற்குப் பார்த்தது, தலைக்கு மேலே மூன்றாவது மாடிக்காரர்களின் பால்கனித் தளம் முழுசாக மூடியிருக்கும். துணி காயப்போடும் கொடி, ஏ.சி.யின் வெளி யூனிட், யாரும் ஓட்டாத ஒரு சைக்கிள், இதெல்லாம் போகச் செடிக்கு மிஞ்சுவது கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஓரடி அகலத்தில் ஒரு துண்டும் ஒரு மூலையும்தான். மொட்டை மாடியில் வைக்கலாமே என்றால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, சரி. ஆக, இருக்கிற இடத்தில் என்ன முடியும் என்பதுதான் கேள்வி.

இதை எழுதுவதற்குக் காரணம், தொட்டித் தோட்டம் ஆரம்பிக்கிற பலர் எந்த மண், எந்த உரம், எந்த விதை என்று கேட்கிறார்களே தவிர, வெயில் எந்த மாதம் எங்கே விழும் என்று கேட்பதில்லை. அக்கா வீட்டில் நடந்த எல்லாமே, நல்லதும் கெட்டதும், அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

தையில் தொடங்கியது

2023 பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் பால்கனியில் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஹால் வாசல் வரைக்கும் வெளிச்சம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தக்காளி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் என்று நாலையும் அக்கா விதைத்துவிட்டாள். கூடவே சந்தையில் வாங்கிய புதினாவின் தண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் சிறுகீரை.

சிறுகீரை ஒரு மாதத்துக்குள் குழம்புக்குப் போயிற்று. மற்றவை பங்குனி வாக்கில் வித்தியாசமாக நடந்துகொண்டன. தக்காளிச் செடி இடுப்பளவு வளர்ந்தது, ஆனால் தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் நீளம் அதிகம், இலை வெளிறிப் போயிருந்தது, எல்லாம் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றன. பூ வரும், மஞ்சளாகத் தெரியும், ரெண்டு நாளில் காம்போடு உதிர்ந்துவிடும். வெண்டை ஓரிரண்டு காயோடு நின்றுவிட்டது.

இதற்கு வந்த வைத்தியங்களைச் சொல்ல வேண்டும். நர்சரிக்காரர் உரம் பற்றவில்லை என்று ஒரு பாக்கெட் கொடுத்தார். மாமா, தண்ணீர் அதிகம் ஊற்றுகிறாய் என்றார். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு வீடியோ புளித்த மோர் தெளிக்கச் சொன்னது, இன்னொன்று எப்சம் உப்பு. அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தாள். செடி இன்னும் உயரமாயிற்று, அவ்வளவுதான். வெளிச்சம் பற்றாத செடிக்குத் தழைச்சத்தை ஏற்றினால் அது இன்னும் மெலிந்து நீளத்தான் செய்யும்.

சித்திரையில் நான் போனபோது நண்பகல். வெளியே வெயில் கொளுத்துகிறது, பால்கனித் தரையில் ஒரு கீற்று வெயில்கூட இல்லை. "ஏன்டா, கத்திரி வெயிலே வரப்போவுது, இங்க ஏன் இப்படி இருட்டா கெடக்கு?" என்று அக்கா கேட்டாள். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

வெயில் எங்கே போயிற்று

சென்னை இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். சூரியன் ஜூன் மாதம் 23 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை வடக்கே வரும், டிசம்பரில் அதே அளவு தெற்கே போகும். அதாவது ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது, அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்குகிறது. இடையில் இருக்கிற அந்த நாலு மாதமும் சென்னையில் சூரியன் காலையிலிருந்து மாலை வரை வானத்தின் வடக்குப் பாதியிலேயே இருக்கும். தெற்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதுகிறவர்கள் தெற்குப் பார்த்த பால்கனிதான் செடிக்கு உத்தமம் என்று சொல்வதை அப்படியே நம்பினால் நமக்கு வைகாசியில் ஏமாற்றம்தான். அவர்கள் ஊரில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கிலேயே உச்சி ஏறும், நமக்கு அப்படி இல்லை.

மார்கழியில் கதையே வேறு. நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 53, 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் மேல் தளத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வரை வெயில் வரும். மார்ச் மூன்றாம் வாரத்தில் அந்த உயரம் 77 டிகிரி ஆகிவிடுகிறது, மேல் தளம் ஒரு குடையாக மறைத்து, கம்பி ஓரத்தில் மட்டும் கோடு போட்டதுபோல் விழும். அக்கா தை மாத வெயிலைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். செடிகள் பூத்ததோ வெயில் கிளம்பிப் போன மாதத்தில்.

இதே வீட்டில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற யூடிலிட்டி ஒன்று இருக்கிறது, வடக்குப் பார்த்தது, மூன்றடிக்கு நாலடி. அங்கே போய்ப் பார்த்தால் காலையில் சாய்வாக வெயில் வருகிறது, மறுபடி மாலையில் கொஞ்சம். வருஷம் முழுக்க இருட்டறை என்று எல்லோரும் நினைத்திருந்த இடம் கோடையில் வீட்டிலேயே நல்ல வெயில் விழும் இடமாக இருந்தது. மிளகாய்ப் பையை அங்கே தூக்கி வைத்தோம். அது பிழைத்தது, ஆனியில் காயும் காய்த்தது. தக்காளியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. வருத்தப்பட்டாலும் அதுதான் சரி, காய்க்காத செடியில் மாவுப்பூச்சி வளர்ப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் இடம் எந்தத் திசை என்று போன் காம்பஸிலேயே பார்த்துவிடலாம். கிழக்குப் பார்த்த பால்கனிக்கு வருஷம் முழுக்கக் காலை வெயில், ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் சுலபம். மேற்கு என்றால் மாலை வெயில், கோடையில் கறுப்புத் தொட்டியில் வேர் வெந்துவிடும் அளவுக்குச் சூடேறும், வெள்ளைத் தொட்டியோ வெளியே ஒரு சாக்குச் சுற்றோ வேண்டும். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேர வெயில், கீரைக்கு மூன்று நாலு மணி நேரம், புதினாவுக்கும் கற்பூரவள்ளிக்கும் அதற்கும் குறைவு என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது.

பை என்று வாங்கியது

தோட்டக்கலைத் துறை அப்போது மானிய விலையில் தந்த மாடித் தோட்டத் தளையை, அதாவது கிட்டை, அக்கா வாங்கியிருந்தாள். 6 பை, 6 தென்னை நார்க்கழிவுக் கட்டி, 6 வகை காய்கறி விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய், ஒரு கையேடு. காசுக்கு நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனால் அது பேரிலேயே மாடித் தோட்டத்துக்கானது. திறந்த மாடிக்குப் பொருந்தும் விதைகளை மூடிய பால்கனியில் போட்டால் தளையைக் குறை சொல்ல முடியாது.

தளை போதாதென்று கடையில் தனியாகச் சில பைகளும் வாங்கினாள், மெல்லிய பாலிதீன், 12க்கு 12 அங்குலம் என்று போட்டிருந்தது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தைத்த வட்டப் பையில் 12 என்றால் அடிப்பக்கத்தின் குறுக்களவு, ஏறக்குறைய 22 லிட்டர் கலவை பிடிக்கும். ஒட்டிய பாலிதீன் பையில் 12 என்பது தட்டையாக மடித்து வைத்தபோது உள்ள அகலம். நிரப்பினால் குறுக்களவு ஏழரை அங்குலம்தான் வரும், கொள்ளளவு ஒன்பது லிட்டரைத் தாண்டாது. விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒன்பது லிட்டரில் கீரை போடலாம், மிளகாய் ஓரளவு வரும், தக்காளி பாவம்.

சின்ன இடம் என்றால் சின்னச் சின்னத் தொட்டி என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. நான் நேர் எதிர் கட்சி. பத்துச் சின்னத் தொட்டியைவிட நாலு பெரிய பை மேல். சின்னத் தொட்டியில் காலையில் ஊற்றின தண்ணீர் மத்தியானத்துக்குள் போய்விடும், உப்பு சீக்கிரம் தங்கும், சூடு நேரே வேருக்குப் போகும், ரெண்டு நாள் ஊருக்குப் போனால் எல்லாம் அவுட். பெரிய பை நீங்கள் விடுகிற தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, எடை. நனைந்த தோட்ட மண் ஒரு கன அடி ஐம்பது கிலோவை நெருங்கும். நார்க்கழிவு கலந்த கலவை அதைவிட லேசாக இருக்கும். அதையும் மூலையில் குவிக்காமல் பரத்தி, சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வைப்பது நல்லது. கம்பிக்கு வெளியே தொட்டி தொங்கவிடுவது அழகாக இருக்கலாம், கீழே ஆள் நடக்கிற வீட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

கலவையைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதுகிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன்: செம்மண், நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை மட்டும் அப்படியே போடக் கூடாது, அதில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, வடிகிற நீர் கஷாய நிறம் மாறி வெளுக்கும் வரை ரெண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். தொட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது ஊரெல்லாம் இருக்கிற நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கி நிற்கும், ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டை மேல் ஒரு துண்டு வலையோ உடைந்த ஓட்டுச் சில்லோ போதும், அதுவும் மண் வெளியேறாமல் இருக்கத்தான்.

கீழ் வீட்டு ஆன்ட்டி

அக்காவுக்குச் செடியைவிடப் பெரிய தலைவலி தண்ணீர் சொட்டுவதுதான். கீழ் வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட வெள்ளைப் புடவையில் பழுப்புக் கறை. அலசாத நார்க்கழிவின் சாறு, துவைத்தாலும் சுலபத்தில் போகாது. அப்புறம் ஒரு வாரம் படிக்கட்டில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதற்குச் சமாதானப் பேச்சைவிடத் தட்டு உதவியது. ஒவ்வொரு பைக்கும் கீழே ஆழமான பிளாஸ்டிக் தட்டு, பை நேரே தட்டில் உட்காராமல் இடையில் ரெண்டு செங்கல் துண்டு. தட்டில் நிற்கிற நீர் இன்னொரு வம்பு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி சுத்தமான, கொஞ்சமே கொஞ்சம் தேங்கிய நீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். மாநகராட்சியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதே தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள டிரேயையும்தான். அக்கா ஒரு பழைய ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஒற்றி எடுத்துவிடுகிறாள். ஆன்ட்டிக்குப் புதினாக் கட்டு போக ஆரம்பித்த பிறகு நிலைமை சீரானது.

அளவைக் குறைத்ததும் முக்கியம். கலவையின் மேல்பரப்பு சீக்கிரம் வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் நொதநொதவென்று இருக்கும். விரலை ரெண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் இல்லாவிட்டால்தான் ஊற்ற வேண்டும். அந்தத் தெருவின் போர் தண்ணீர் உப்பு, பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம், அதில்தான் பிரித்தெடுத்த உப்பெல்லாம் இருக்கிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. குழாயில் சொட்டுகிற நீரில் உப்பே கிடையாது. கோடை இரவில் ஒரு வாளி நிறைகிறது, அதையே செடிக்கு ஊற்றினாள்.

ஆவணிக் கடைசியில் மறுபடி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது திறந்த வயலுக்குச் சொன்னது. தெற்குப் பார்த்த, மேலே மூடிய பால்கனிக்கு ஆடியில் வெயிலே கிடையாது. ஆகவே ஆடியைச் சும்மா விட்டுவிட்டு, ஆவணி முடிகிற நேரத்தில் பி.கே.எம். 1 என்ற ரகத் தக்காளியை நாற்று விட்டாள். புரட்டாசிக் கடைசியில் ரெண்டே பெரிய பையில், பைக்கு ஒரு செடி. கணக்கு இதுதான்: செடி பூக்கிற கார்த்திகையில் வெயில் நாளுக்கு நாள் உள்ளே வந்துகொண்டிருக்கும். தக்காளிக்கு இரவு சூடாக இருந்தால் பூ உதிரும், சென்னையில் கார்த்திகை மார்கழி இரவுதான் அதற்கு ஏற்ற குளிர்ச்சி. மொட்டை மாடிக்காரர்கள் ஐப்பசி மழையில் தக்காளியை அழுக விடும்போது, மேல் வீட்டுத் தளம் இங்கே இலவசக் கூரை. கோடையில் குறையாக இருந்தது மழைக்காலத்தில் வசதியாக மாறியது. மூடாக்கு வானத்தில் ஒரு வாரம் வெளிச்சம் குறைந்தது உண்மை, ஆனால் செடி அதைத் தாங்கியது.

கூரைக்குக் கீழே மழை படாததில் ஒரு கெடுதலும் உண்டு. மழையே கழுவிவிடும் அசுவினியும் வெள்ளை ஈயும் இங்கே சொகுசாக இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைய ரெண்டு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் மட்டும். கத்தரி மட்டும் மாவுப்பூச்சிக்கு நேர்ந்து விட்டதுபோல் ஆனதால் அதைக் கைவிட்டாயிற்று. ரெண்டாம் மாடியில் தேனீ அதிகம் வருவதில்லை, தக்காளிக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஒரே பூவுக்குள் மகரந்தம் விழுந்தால் போதும். காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுவது அக்கா மகளின் வேலை. பாகல், புடல் என்றால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைக்க வேண்டியிருக்கும், அந்தப் பொறுமை இந்த வீட்டில் இல்லை.

காய் திரளும் சமயத்தில், டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர். முந்தின நாளே பைகளை ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்துக்கு ஒரு கைப்பிடி தைத்த பையாக இருந்ததால் ரெண்டு பேர் தூக்கினால் வந்துவிட்டது. சிமென்ட் தொட்டியாக இருந்திருந்தால் அது அங்கேயே நனைந்திருக்க வேண்டியதுதான். கரண்ட் இல்லாத நாட்களில் இருட்டில் கிடந்ததில் கீழ் இலைகள் மஞ்சளாயின, காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மார்கழி பாதியில் பழுக்க ஆரம்பித்து மாசி வரை வந்தது. ரசத்துக்கு வாரம் முழுக்கக் கடையில் வாங்காமல் ஓடியது, குழம்புக்கு வாங்கத்தான் வேண்டியிருந்தது.

கணக்கு

மாமா இதைக் கணக்குப் போட்டுக் கேலி செய்யாமல் இருப்பாரா. பை, கலவை, தட்டு எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள் ஆனது, தக்காளியை மட்டும் வைத்துப் பார்த்தால் காசு திரும்ப வரவே இல்லை. அந்த 2023 ஜூலையில் கடையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியது, அப்போது எங்கள் பால்கனியில் ஒரு செடிகூடக் கிடையாது, அதையும் அவர் மறக்காமல் சொல்வார். காசைப் பார்க்கிறவர்கள் தக்காளியை விட்டுவிட்டுப் புதினா, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி மூன்றோடு நிற்கலாம். மூன்றுமே வெட்ட வெட்டத் துளிர்க்கும், பாதி நிழலைப் பொறுக்கும், கடையில் கட்டாக வாங்கிப் பாதியை வாட விடுகிற செலவு மிச்சம். கொத்தமல்லி வைப்பவர்கள் விதையை ரெண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து, ஐப்பசிக்கு மேல் போடுங்கள். சித்திரையில் போட்டால் முளைத்த வேகத்தில் பூக்கப் பார்க்கும்.

கலவையை அடுத்த வருஷத்துக்கும் தூக்கிப் போடவில்லை. கொட்டி, வேரை எடுத்து, வெயிலில் காயவைத்து, நாலில் ஒரு பங்கு புது மண்புழு உரம் சேர்த்தால் மறுபடி ஆகும், அதே பையில் தக்காளிக்குப் பின் தக்காளி போடாமல் கீரை மாற்றினால் போதும். இப்போது கோடையில் தெற்கே புதினா, கற்பூரவள்ளி, பசலைக் கொடி மட்டும், மிளகாய் வடக்கு யூடிலிட்டியில். ஆவணியில் இடம் மாற்றம்.

தீராத வழக்கு ஒன்று பாக்கி, புறா. புதிதாகக் கலவை நிரப்பிய பை என்றால் வந்து கிளறி உட்கார்ந்துகொள்கிறது. முழு பால்கனிக்கும் வலை அடிக்கச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும், வீட்டுக்காரர் அதற்கும் யோசிக்கிறார். இப்போதைக்கு நாற்று தலை தூக்கும் வரை பைமேல் பழைய கொசு வலையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். சிடி தொங்கவிட்டால் பயப்படும் என்றார்கள். தொங்கவிட்டாள், அதன் மேல் கம்பியிலேயே ஜோடியாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.